சோளத்தைப் பற்றி ஏறும் போஞ்சி

வட்டவளை ரயில் நிலையத்தில் இறங்கி, தேயிலை மலைகளுக்கு ஊடாகச் செல்லும் குறுக்குப் பாதையில் அரை மணி நேரம் நடந்தால் ஒரு பழைய லயம் வருகிறது. சென்ற பங்குனியில் அங்கே போயிருந்தோம். லயத்தின் பின்புறம், சமையலறைச் சுவருக்கும் கானுக்கும் இடையே பத்தடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட ஒரு துண்டு நிலம். ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடி. இது அதிலும் குறைவு. அந்த இடத்தில் சோளம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பூத்திருந்தது. ஒவ்வொரு தண்டையும் சுற்றிக்கொண்டு போஞ்சிக் கொடி ஏறியிருந்தது. கொடிக்கென்று தனியாகக் கம்பு ஊன்றவில்லை. சோளத் தண்டே கம்பாக நின்றது.

அந்த வீட்டு அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கூடையை இறக்கி வைத்தவர், கேட்காமலேயே ஒரு போஞ்சிச் செடியை வேரோடு பிடுங்கிக் காட்டினார். வேர் நெடுகிலும் கடுகளவிலும் மிளகளவிலும் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே இளஞ்சிவப்பு. "இந்த நெறம் இருந்தா வேரு வேலை செய்யுதுன்னு அர்த்தமுங்க. வெள்ளையா இருந்தா ஒண்ணும் நடக்கல" என்றார். எப்போதோ ஒருமுறை வந்த விவசாயப் போதனாசிரியர் சொல்லிக் கொடுத்ததாம். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் எடுக்கும் விளக்கத்தை நகக் கீறலில் முடித்துவிட்டார்.

அந்த முடிச்சுகளுக்குள் வாழ்வது றைசோபியம் என்னும் பக்றீரியா. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 78 சதவீதம் நைதரசன். ஆனால் எந்தப் பயிராலும் அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. அவரையினப் பயிர்களின் வேரில் குடியேறும் இந்தப் பக்றீரியா, செடியிடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொண்டு, காற்று நைதரசனைப் பயிருக்கு உகந்த வடிவில் மாற்றித் தருகிறது. 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் ஆகிய இருவரும் இதை நிறுவினார்கள். 1888இல் நெதர்லாந்தின் பெயரிங்க் அந்தப் பக்றீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். விளக்கம்தான் அப்போது கிடைத்தது. வழக்கம் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முந்தியது.

மலையக மக்களின் முன்னோர் திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரை போன்ற மானாவாரிச் சீமைகளிலிருந்து வந்தவர்கள். அங்கே சோளத்தோடு தட்டைப்பயறும், கம்போடு துவரையும், கேழ்வரகோடு மொச்சையும் ஒரே காட்டில் ஊடுபயிராக நின்றன. (அங்கே சோளம் என்பது வெள்ளைச் சோளம், நாம் இங்கே சோளம் என்று சொல்வது மக்காச்சோளம்.) மழை பொய்த்துத் தானியம் கருகினாலும் பயறாவது வீடு வந்து சேரும் என்ற கணக்கு அது. நம் சிங்கள அயலவர்களின் சேனைப் பயிர்ச்செய்கையிலும் இதே கணக்கு உண்டு. உலர் வலயத்துச் சேனைகளில் குரக்கனும் சோளமும் கௌபியும் கலந்து விதைக்கப்பட்டன. ஆக, இந்த அறிவு யாரும் யாருக்கும் புதிதாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதல்ல. இரண்டு மொழி பேசுவோரும் தத்தம் பாட்டன் பாட்டியிடமிருந்து பெற்ற சொத்து.

பெருந்தோட்டம் அந்த நினைவை ஏறக்குறைய அழித்துவிட்டது. மலை முழுக்க ஒரே பயிர் என்பதே அதன் அமைப்பு. ஒரே பயிரின் ஆபத்தை இந்த மலைகள் ஒருமுறை நேரில் கண்டிருக்கின்றன. 1869இல் கோப்பிச் செடியின் இலைகளில் தோன்றிய துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலையே சாய்த்தது. அதை ஆராய 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட், ஒரே பயிரை இடைவெளியின்றிப் பரப்பியதே நோய் இத்தனை வேகமாகப் பரவக் காரணம் என்று எழுதினார். பிறகு தேயிலை வந்தது. தேயிலை நம்மை வாழ வைத்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதைப் பிடுங்கிவிட்டுச் சோளம் போடுங்கள் என்று சொல்லவும் நாம் வரவில்லை. தேயிலை இல்லாத இடங்களை, தேயிலை இல்லாத காலங்களைப் பற்றியதே இந்தப் பேச்சு.

ஊடுபயிரில் விளைச்சல் உண்மையிலேயே கூடுகிறதா? கேட்க வேண்டிய கேள்விதான். விவசாய ஆய்வாளர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நிலச் சமன் விகிதம் என்று பெயர். ஓர் ஏக்கரில் சோளத்தை மட்டும் போட்டால் கிடைக்கும் விளைச்சலை நூறு என்று வைத்துக்கொள்வோம். போஞ்சியை மட்டும் போட்டால் கிடைப்பதும் நூறு. இரண்டையும் சேர்த்துப் போடும்போது சோளத்தில் எண்பதும் போஞ்சியில் நாற்பத்தைந்தும் கிடைத்தால், மொத்தம் 125; விகிதம் 1.25. அதாவது, தனித்தனியாகப் போட்டிருந்தால் ஒன்றேகால் ஏக்கர் தேவைப்பட்டிருக்கும். உலகின் பல பகுதிகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஊடுபயிரில் இந்த விகிதம் சராசரியாக 1.2க்கும் 1.3க்கும் இடையில் நிற்பதாகக் கண்டிருக்கிறார்கள். 1972இல் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் தொடங்கிய இக்ரிசாட் நிறுவனம் வெள்ளைச் சோளத்தையும் துவரையையும் சேர்த்து வளர்த்து நீண்ட காலம் ஆராய்ந்தது. வெள்ளைச் சோளம் முன்னதாக வளர்ந்து முடிய, அதன் பிறகு துவரை விரிந்து கொடுக்கிறது. ஒன்று உண்ணும் வேளையில் மற்றொன்று காத்திருக்கிறது.

சில விஷயங்களைக் கூட்டிச் சொல்லாமல் இருப்பது நல்லது. அவரையினங்கள் எல்லாம் ஒரே அளவில் நைதரசனைப் பிடிப்பதில்லை. போஞ்சி இதில் கௌபிக்குப் பின்னால்தான் வரும். அது பிடிக்கும் நைதரசனில் பக்கத்துச் சோளத்துக்கு அதே போகத்தில் போய்ச் சேருவதும் கொஞ்சம்தான். சோளத்துக்கு உடனடியாகக் கிடைக்கும் நன்மை வேறு: போஞ்சி தன் தேவையில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால், மண்ணிலுள்ள நைதரசனுக்குப் போட்டி குறைகிறது. பெரிய கொடை அடுத்த போகத்துக்கு உரியது. அறுவடைக்குப் பின் வேரும் இலையும் மண்ணில் மக்கும்போதுதான் அவரையினம் தான் சேர்த்ததைத் திருப்பித் தருகிறது.

மலையகத்தைப் பொறுத்தவரை விவாதத்தின் மையமே இதுதான் என்று கருதுகிறோம். அவரையினம் இந்தப் போகத்தில் உழைத்து அடுத்த போகத்துக்குக் கொடுக்கிறது. அடுத்த போகத்திலும் இந்த நிலத்தில் நான்தான் நிற்பேன் என்ற உறுதி இருப்பவரே அந்த உழைப்பை முழுமனதோடு மேற்கொள்வார். நிலத்தின் மீதான உறுதியும் மண்ணின் வளமும் இங்கே ஒரே கேள்விதான்.

தொழிலாளர் பக்கத்தை முதலில் பார்ப்போம். லயத்தைச் சுற்றியுள்ள துண்டு நிலங்களிலும், கைவிடப்பட்ட மலைகளின் ஓரங்களிலும் மரக்கறி போடுபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் வாய்வழி அனுமதியில் நடப்பது அது. துரை மாறினால் அனுமதியும் மாறலாம். கன்று வைக்க வேண்டும், பிடுங்குங்கள் என்ற சொல் எந்தக் காலையில் பிரட்டில் வரும் என்று தெரியாது. அப்படிப்பட்ட நிலத்தில் யார் டொலமைட்டு போடுவார்? தேயிலை மண் அமிலத்தன்மை மிக்கது. றைசோபியம் நன்றாக வேலை செய்ய அந்த அமிலம் தணிய வேண்டும்; அதற்கு டொலமைட்டு வேண்டும்; அதன் முழுப் பயனும் ஒரே போகத்தில் வந்துவிடாது. நாளை போய்விடக்கூடிய நிலத்தில் இன்று மருந்தையும் யூரியாவையும் போட்டு எடுத்ததை எடுத்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் குடும்பங்களின் தட்டையும் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்குப் பதினேழு. தோட்டப்புறத்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டு. காலையில் கோதுமை மா ரொட்டி, மதியம் சோறு, இரவில் மறுபடி ரொட்டி என்று போகும் வீட்டில் புரதம் கடையில் வாங்கும் பருப்பிலிருந்துதான் வருகிறது. மைசூர்ப் பருப்பும் கோதுமையும் கப்பலில் வருபவை. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது இரண்டின் விலையும் எங்கே போனது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பத்தடிக்கு இருபதடி நிலம் ஒரு குடும்பத்தின் உணவுப் பிரச்சினையைத் தீர்த்துவிடாது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் போஞ்சிக் கறியும் அவித்த சோளக் கதிரும் வளரும் பிள்ளைக்குச் சிறிய விஷயமல்ல.

தோட்ட நிர்வாகத்தின் பக்கத்தையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். 1992இல் அரச தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனபோது, நிலம் 53 ஆண்டுக் குத்தகையாகவே கொடுக்கப்பட்டது. உரிமை அரசினுடையது. தமக்குச் சொந்தமில்லாத நிலத்தைக் கம்பனி எழுதிக் கொடுக்க முடியாது. தற்காலிகமாக விட்ட இடம் நிரந்தரமாகிவிடும், ஒருவருக்கு விட்டால் ஐம்பது பேர் கேட்பார்கள், வெளியார் புகுந்துவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. கொழுந்து எடுக்க ஆள் போதாத நாளில் ஆட்கள் மரக்கறிக்குப் போய்விட்டால் தொழிற்சாலைக்கு இலை வராது. எல்லாவற்றிலும் கனமான காரணம் மண். சரிவான நிலத்தில் ஆண்டுதோறும் கொத்திக் கிளறும் பயிர் போட்டால் மேல் மண் ஆற்றோடு போகும். தேயிலைக்கென்றே கான் வெட்டி, வரம்பு கட்டிக் காத்துவந்த மண் அது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த மண்சரிவுகளைக் கண்ட பிறகு, சரிவு நிலத்தைப் பற்றிய அச்சத்தைச் சாக்கு என்று ஒதுக்க எவருக்கும் மனம் வராது.

வட்டவளை விஷயத்தில் இந்த அச்சம் இன்னும் நியாயமானது. ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்திலுள்ள இந்த ஊரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கொழும்பில் பெய்வதைப் போல் இரண்டு மடங்கு. நாட்டிலேயே அதிகம் நனையும் ஊர்களில் ஒன்று. வைகாசியில் தென்மேல் பருவமழை இறங்கினால் புரட்டாதி வரை வெயிலைப் பார்ப்பதே அரிது. அந்த மழையில் போஞ்சி அழுகும், சோளம் சாயும். ஆகவே வேறொரு ஊரின் விதைப்பு அட்டவணையை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. தையில் விதைத்து, மழை இறங்குமுன் கதிரை முறித்துவிட வேண்டும். அந்த அம்மா செய்வதும் அதுதான். முதலில் சோளம், அது முழங்கால் உயரம் வந்த பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து, அடியில் போஞ்சி. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் கொடி சோளத்தை இழுத்துச் சாய்த்துவிடும் என்றார். கதிர் முறித்த பிறகு தண்டைப் பிடுங்குவதில்லை. வெட்டி நிலத்தில் பரப்பிவிடுகிறார். போஞ்சியையும் அடியோடு பிடுங்காமல் தரையளவில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிடுகிறார். வைகாசி மழை விழும்போது மண்ணின் மேல் ஒரு போர்வை இருக்கிறது.

சரியாகச் செய்த ஊடுபயிர் மண்ணை மூடுகிறது. தப்பாகச் செய்தால் தனிப்பயிரைப் போலவே மண்ணை இழக்கும். வரிசை சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும். செங்குத்தான இடத்தைத் தொடவே கூடாது. எந்த இடம் ஆபத்தானது என்பதைக் காட்டும் மண்சரிவு அபாய வரைபடங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் உள்ளன. நிர்வாகமும் தொழிலாளரும் அந்த வரைபடத்தை ஒரே மேசையில் விரித்துப் பார்த்தால், எந்த இடம் கூடாது என்பதில் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

உர விவகாரத்திலும் இரு முனைகள் உண்டு. இரசாயன உரம் இல்லாமல் பயிரே இல்லை என்பார் சிலர். இயற்கை உரம் மட்டுமே போதும் என்பார் வேறு சிலர். 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தும் முடிவு அறிவிக்கப்பட்டு, நவம்பரில் கைவிடப்பட்டது. அந்த ஆண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. மண்ணைத் தயார்ப்படுத்தாமல் ஒரே நாளில் எடுத்த முடிவின் விலை அது. அதே நேரத்தில், கப்பலில் வரும் உரத்தை மட்டுமே நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதையும் அதற்கடுத்த டொலர் நெருக்கடி காட்டியது. அவரையினம் யூரியாவை ஒழித்துவிடாது. அதன் தேவையை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் குறைக்கும். தேயிலைத் தொழிலுக்கு இது அந்நியமான யோசனையும் அல்ல. அவரைக் குடும்பத்து மரங்களை நிழலுக்கு நட்டு, அவற்றின் தழையை வெட்டித் தேயிலை அடியில் போடுவது இந்த மலைகளில் பழைய பழக்கம். இளந்தேயிலைக்கு இடையே பசுந்தாள் செடிகளை வளர்த்ததும் அவ்வாறே.

இங்கே ஒரு வாய்ப்பு கண்ணுக்குத் தெரிகிறது. பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன், மண்ணைத் தேற்ற ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ வளர்க்கும் முறையைத் தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்தப் புல்லை எடுத்துவிட்டுச் சோளம் போடலாம் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு; புல் தரும் அளவுக்குச் சோளமும் போஞ்சியும் மண்ணுக்குத் தழை தராது. ஆனால் அந்த நிலத்தின் சமதளமான ஓரங்களில் ஒரு கீற்றை ஊடுபயிருக்கு விட்டால் என்ன ஆகும் என்பதை ஆராய்ந்து சொல்லும்படி அந்த நிறுவனத்தைக் கேட்கலாம். 1925 முதல் இந்த மலைகளின் மண்ணைப் படித்துவருகிறவர்கள் அவர்கள். நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அந்தக் கேள்வியை வைத்தால் அதற்கு எடை கூடும்.

நாம் முன்வைப்பது ஒரு நடுவழி. மூன்று ஆண்டுக்கு எழுத்து மூலமான பயிர்ச்செய்கை அனுமதி. உரிமைப் பத்திரம் அல்ல, குத்தகையும் அல்ல. மலையக மக்களின் காணி உரிமை தனியாகவும் முழுமையாகவும் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. இந்த அனுமதித் தாள் அதற்கு மாற்று ஆகிவிடக் கூடாது. அதைப் பின்தள்ளவும் கூடாது. எந்தத் துண்டு, எவ்வளவு அளவு, யாருக்கு என்பது அனுமதித் தாளில் இருக்கட்டும். கட்டடம் கட்டுவதில்லை, மரப்பயிர் வைப்பதில்லை, வரிசை சரிவுக்குக் குறுக்கே, ஒவ்வொரு போகத்திலும் ஓர் அவரையினம் கட்டாயம் என்பதைப் பயிரிடுபவர் ஒப்புக்கொள்ளட்டும். நிலம் வேண்டுமென்றால் நின்ற பயிரை அறுக்கும் வரை பொறுப்பதாக நிர்வாகம் ஒப்புக்கொள்ளட்டும். மூன்று ஆண்டு கழித்து நிலம் திரும்பும்போது, காடு பிடித்த தரிசாக இல்லாமல், அவரையின வேர் மக்கிய மண்ணாகத் திரும்பும். கவ்வாத்தை ஒட்டித் தேயிலைக்குப் போடவென்று தோட்டத்துக்கு எப்படியும் டொலமைட்டு வருகிறது. அதில் சில மூட்டைகளை இந்தத் துண்டுகளுக்கு ஒதுக்குவதில் நிர்வாகம் இழப்பது மிகக் குறைவு.

அரசாங்கப் பக்கத்திலும் வேலை இருக்கிறது. தோட்டங்களுக்குள் பணி செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத் தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கியது. கினிகத்தேனை, வட்டவளைச் சந்தைக் கழிவைக் கூட்டெருவாக்கி இந்தத் துண்டுகளுக்குத் தருவது அம்பகமுவ பிரதேச சபையால் ஆகாத காரியமல்ல. கமநல சேவை நிலையங்களின் கணக்கில் காணி உள்ளவரே விவசாயி. எழுத்து மூல அனுமதித் தாளை வைத்திருப்பவரையும் பதிவு செய்துகொள்ள வழி கண்டால், விதையும் ஆலோசனையும் லயத்து வாசல் வரை வரும். தமிழில் பேசும் போதனாசிரியர்கள் போதாது என்பது பழைய குறை. வேர் முடிச்சைக் கீறிக் காட்டிய அந்த ஒரு வருகை எத்தனை ஆண்டுகள் கழித்தும் நினைவில் நிற்கிறது என்றால், மாதம் ஒரு வருகை என்ன செய்யும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

குரங்கையும் காட்டுப்பன்றியையும் பற்றிப் பேசாமல் மலையகத்தில் சோளத்தைப் பற்றிப் பேசுவது நடவாத காரியம். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடே நின்று குரங்கையும் மயிலையும் எண்ணியது; அந்தளவுக்கு இது தேசியப் பிரச்சினை. ஒரு வீட்டார் மட்டும் சோளம் போட்டால் குரங்குக்கே போட்டதாகும். இருபது துண்டுகளில் ஒரே வாரத்தில் விதைத்து, கதிர் முற்றும் இரண்டு மூன்று வாரம் மட்டும் முறை வைத்துக் காவல் இருந்தால் மிச்சம் தேறும். பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சிறுதோட்டக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். லயத்துப் பக்கம் விரட்டினால் கிராமத்துப் பக்கம் போகும், அங்கே விரட்டினால் இங்கே வரும். காவல் முறையை இரு பக்கமும் சேர்ந்து வைப்பதே ஒரே வழி. நல்லிணக்கத்தைப் பற்றிக் கூட்டம் போடுவதை விட, ஒரே இரவில் இரண்டு மேட்டில் இரண்டு டோர்ச் லைட் எரிவது அதிகம் சாதிக்கும் என்று நம்புகிறோம். 2018இன் இறுதியில் நாட்டுக்குள் வந்த படைப்புழு விஷயமும் அப்படியே. ஒருவர் பயிரில் கண்டதை மற்றவரிடம் அன்றே சொல்ல வேண்டும்.

விடைபெறும் நேரத்தில் அந்த அம்மா அடுப்புக்கு மேலிருந்த பரணிலிருந்து ஒரு பழைய பால்மா டின்னை எடுத்துத் திறந்தார். சாம்பலில் புரட்டிய விதைப் போஞ்சி, போன போகத்தில் எடுத்து வைத்தது. டின்னில் பாதிக்கு மேல் இருந்தது. தன் துண்டுக்கு ஒரு கைப்பிடி போதும் என்றார். பிறகு ஏன் இவ்வளவு என்று கேட்டோம். லயத்துக்குக் கீழே, ரோட்டோரத்தில், காடு பிடித்துக் கிடக்கும் ஒரு சமதரையைக் கையால் காட்டினார். பத்து வருடமாக அதில் தேயிலை இல்லை. "கேட்டுப் பார்த்திருக்கோமுங்க. எழுதிக் கொடுத்தா, இந்த வரிசையில இருக்கிற பன்னெண்டு வீட்டுக்கும் விதை என்கிட்ட இருக்கு. தைக்குள்ள சொல்லிட்டாங்கன்னா போதும்" என்று சொல்லி டின்னை இறுக்கி மூடினார்.